18 குழந்தைகள், 17 நாற்காலிகள்: ஓர் இசை நாற்காலிப் போட்டியின் நிகழ்வு ஆய்வு

எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு பொங்கலுக்கும் விழா உண்டு. கோலப் போட்டி, உறியடி, பெரியவர்களுக்குக் கயிறு இழுத்தல் என்று நாள் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். இந்தமுறை சின்னக் குழந்தைகளுக்கான இசை நாற்காலிப் போட்டியை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. மழலையர் வகுப்பில் 11 ஆண்டுகள் பாடம் எடுத்தவள் என்பதால் யோசிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நானும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டேன்.

அன்று 7 குழந்தைகள் அழுதபடி வீட்டுக்குப் போனார்கள். ஒரு குழந்தைக்கு உதடு கிழிந்தது. 12 நாள் கழித்து, குடியரசு நாள் காலையில், அதே தளத்தில், ஏறக்குறைய அதே குழந்தைகளை வைத்து மறுபடி நடத்தினோம். அன்று யாரும் அழவில்லை. இடையில் எதை மாற்றினோம், எது அப்போதும் சரிவரவில்லை என்பதை எழுதிவைக்கிறேன். பள்ளி ஆண்டு விழாவுக்கோ பிறந்தநாளுக்கோ இந்த விளையாட்டை நடத்தப் போகிறவர்களுக்குப் பயன்படும்.

பொங்கல் மாலை

நிகழ்ச்சி நிரலில் எங்கள் நேரம் 5.30. பேச்சுகள் நீண்டன, பரிசளிப்பு நீண்டது, எங்கள் முறை வந்தபோது மணி 7.10. அந்த வயதில் பல பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகும் நேரம் அது. விழா நாள் என்பதால் பாதிப் பேர் மதியமும் தூங்கவில்லை.

வாகனம் நிறுத்தும் தளத்தில் டைல்ஸ் பதித்த பகுதியில்தான் இடம் கிடைத்தது. பந்தல்காரர் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் 17 எடுத்து, முதுகோடு முதுகாக இரண்டு வரிசை போட்டோம். குழந்தைகள் 18 பேர். மிகச் சிறியவளுக்கு மூன்றரை வயது, மிகப் பெரியவனுக்கு 6 முடிந்து சில மாதங்கள். சுற்றிலும் பெற்றோர், தாத்தா பாட்டிகள், கையில் கைபேசியுடன்.

பாட்டு தொடங்கியதும் குழந்தைகள் நடக்கவில்லை. ஆளுக்கொரு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். விதியைச் சரியாகப் புரிந்துகொண்ட பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள். நாற்காலி வேண்டும் என்றால் அதை ஏன் விட வேண்டும்? சுற்றி நின்ற பெரியவர்கள் "நட, நட" என்று கத்தினார்கள். நடக்கத் தொடங்கியபோது வரிசை முடிந்து திரும்பும் இரண்டு முனைகளிலும் நெரிசல் உண்டானது. இரண்டு பேர் எதிர்த் திசையில் திரும்பி வந்து மற்றவர்கள் மேல் மோதினார்கள்.

பாட்டு நின்றது. மஞ்சள் பட்டுப்பாவாடை கட்டியிருந்த மூன்றரை வயதுச் சிறுமி நின்ற இடத்திலேயே நின்று, எல்லோரும் ஏன் ஓடுகிறார்கள் என்று பார்த்தாள். அவள் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. பெரிய பையன் ஒருவன் அவளைத் தாண்டி வந்து அதில் உட்கார்ந்தான். நான் ஒலிவாங்கியில் "அவுட்" என்றேன். அவள் சிரித்தாள், தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து. அம்மா வந்து கையைப் பிடித்து வெளியே நடத்திப் போனபோதுதான் அந்த முகம் மாறியது.

அதற்குப் பிறகு ஏறத்தாழ 25 நிமிடம் அந்தக் குழந்தை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றது. பாட்டு ஒலித்தபோதெல்லாம் குதித்தது. பாட்டு நின்றபோதெல்லாம் சட்டென்று நின்றது. ஒவ்வொரு முறையும், உள்ளே விளையாடிக்கொண்டிருந்த யாரையும் விடச் சரியாக. விளையாட்டு அவளுக்குப் புரிந்தபோது அவள் விளையாட்டில் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வராமல் போனதற்கு அந்தக் காட்சிதான் காரணம்.

மற்றவை வேகமாக நடந்தன. மூன்றாவது சுற்றில் பாட்டு ஓடிய கைபேசிக்கு அழைப்பு வந்தது. பாட்டு தானாக நின்றது, பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், நான் "இது கணக்கில் இல்லை" என்றேன், உட்கார்ந்த 15 பேருக்கும் அது அநியாயமாகப் பட்டது. ஆறாவது சுற்றில் நாற்காலியின் விளிம்பில் தாவி உட்கார்ந்த 4 வயதுப் பையனுடன் நாற்காலி டைல்ஸில் வழுக்கியது. உதடு கிழிந்தது அப்போதுதான். கடைசிச் சுற்றில் இரண்டு பேர் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார, யார் முதலில் உட்கார்ந்தது என்று காணொளியை ஓட்டிப் பார்த்துப் பெரியவர்கள் வாதாடினார்கள். ஒருவனுக்கு டிபன் பெட்டி கிடைத்தது. மற்றவன் தூணுக்குப் பின்னால் போய் அழுதான்.

இன்னொன்று அன்று என் கண்ணில் படவே இல்லை. காது கேட்கும் கருவி அணிந்த 5 வயதுப் பையன் ஒருவன் எங்கள் குடியிருப்பில் இருக்கிறான். வீட்டில் நன்றாகப் பேசுவான், நன்றாகக் கேட்பான். அன்று நாலாவது சுற்றிலேயே வெளியேறினான். மறுநாள் அவன் அப்பா சொன்னார்: "பாட்டு நின்றது அவனுக்குத் தெரியவே இல்லை மேடம். சுற்றிலும் கத்தியது எல்லாம் சேர்ந்து கேட்டிருக்கிறது." அந்தக் கருவி பாட்டை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுப்பதில்லை, கூட்டத்தின் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. அவனை நான் ஒரு காது கேட்கும் போட்டியில் நிறுத்தி, தோற்றுவிட்டாய் என்று சொல்லியிருக்கிறேன்.

கணக்குப் போட்டபோது

ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 18 பேர் என்றால் 17 சுற்று. சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 25 நிமிடத்துக்குச் சற்று மேல். முதலில் வெளியேறிய சிறுமி விளையாடியது ஒன்றரை நிமிடம், வேடிக்கை பார்த்தது 24 நிமிடம். எல்லாக் குழந்தைகளும் எல்லாச் சுற்றிலும் விளையாடியிருந்தால் மொத்தம் 306 ஆட்டவாய்ப்பு. ஒவ்வொரு சுற்றிலும் ஒருவராக நீக்கிய முறையில் உண்மையில் கிடைத்தது 170. மீதி 136 வாய்ப்பு ஓரத்தில் நின்று கழிந்தது. விளையாட அழைத்த பிள்ளைகளின் நேரத்தில் பத்தில் நாலு பங்குக்கும் மேல் நிற்க வைத்திருக்கிறேன்.

அந்த 136-ம் எல்லோருக்கும் சமமாகப் போகவில்லை. முதலில் வெளியேறிய 6 பேரில் 5 பேர் நாலரை வயதுக்குக் கீழே. யாருக்கு இன்னும் பழக்கம் வேண்டுமோ அவர்களை முதலில் அனுப்பிவிட்டு, ஏற்கெனவே நன்றாக வருபவர்களுக்கு அதிக நேரம் கொடுக்கும் அமைப்பு இது. வகுப்பறையில் இப்படி ஒரு பாடத்தை நான் ஒருநாளும் நடத்தமாட்டேன்.

நாற்காலியையும் அளந்தேன். இருக்கை தரையிலிருந்து 43 செ.மீ. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 4 வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறத்தாழ 103 செ.மீ. என் உயரம் 165. என் அளவுக்கு மாற்றினால் அது 69 செ.மீ. உயர இருக்கை. சாப்பாட்டு மேசையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே. ஓடி வந்து அதில் உட்காரச் சொன்னால் நானும் தாவித்தான் ஏறுவேன்.

இந்த விளையாட்டைத் தமிழ்நாட்டில் இசை நாற்காலி என்கிறோம், இலங்கையில் சங்கீதக் கதிரை என்கிறார்கள், ஜப்பானில் 'நாற்காலி பிடிக்கும் விளையாட்டு' என்றே பெயர். பெயரிலேயே நாற்காலி இருப்பதால் அதுதான் விளையாட்டு என்று நினைத்துவிடுகிறோம். 4 வயதுக் குழந்தைக்கு இதில் உள்ள சுவை நாற்காலியில் இல்லை. ஓடுகிற உடம்பை ஒரு நொடியில் நிறுத்துவதில் இருக்கிறது. அந்த வயதில் அது எளிய காரியம் அல்ல. மூளை "நில்" என்று சொன்ன பிறகும் கால் இரண்டு அடி போய்விடும். நின்றுவிட்டால் ஒரு வெற்றிச் சிரிப்பு வரும் பாருங்கள், அதற்காகவே இதை நூறு முறை விளையாடலாம்.

தேடிப் படித்தபோது இது பலருக்கும் முன்பே தோன்றியிருக்கிறது என்று தெரிந்தது. கனடாவைச் சேர்ந்த விளையாட்டு உளவியலாளர் டெர்ரி ஆர்லிக் 1978-லேயே கூட்டுறவு விளையாட்டுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அந்த முறையில் ஆடும் இசை நாற்காலியில் ஒவ்வொரு சுற்றுக்கும் நாற்காலி குறையும், குழந்தைகள் குறைவதில்லை, இருக்கிற நாற்காலிகளில் எல்லோரும் இடம்பிடிக்க வேண்டும். 1994-ல் அமெரிக்காவில் 4, 5 வயதுக் குழந்தைகளிடம் செய்த ஓர் ஆய்வில், போட்டி விளையாட்டுகள் ஆடிய நாட்களில் முரட்டுத்தனம் கூடியது, கூட்டுறவு விளையாட்டுகள் ஆடிய நாட்களில் அது குறைந்தது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷானா டோமினியும் மெகன் மெக்லெலண்டும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. பாட்டுக்கு ஆடி, நின்றதும் உறைந்து நிற்பது போன்ற விளையாட்டுகளைத் தன்னைக் கட்டுப்படுத்தும் பயிற்சியாகவே அவர்கள் மழலைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தொடக்கத்தில் இந்தத் திறன் குறைவாக இருந்த குழந்தைகளே அதனால் அதிகம் முன்னேறினார்கள். நான் முதல் சில சுற்றுகளிலேயே வெளியே அனுப்பியது அப்படிப்பட்ட குழந்தைகளைத்தான்.

ஆனாலும் தீர்வு எனக்கு வந்தது மூன்றாவது மாடியில் இருக்கும் பாட்டியிடமிருந்து. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "பூப்பறிக்க வருகிறோம் விளையாட்டில் தோற்றவளை வீட்டுக்கா அனுப்பினோம் கண்ணு? இழுத்து நம் பக்கம் சேர்த்துக்கொண்டோம்" என்றார். உண்மைதான். குலை குலையா முந்திரிக்காயிலும் பிடிபட்டவர் வெளியே போவதில்லை, அடுத்துச் சுற்றி ஓடுகிறவர் ஆகிறார். பாட்டோடு ஆடும் நம் தெரு விளையாட்டுகள் பலவற்றில் தோற்றவருக்கும் ஒரு வேலை உண்டு. பாட்டி உள்ளே போய், பரணில் மடித்து வைத்திருந்த பவானி ஜமுக்காளத்தை எடுத்து வந்து கூடத்தில் விரித்தார். 12 அடிக்கு 9 அடி. "இதை மடித்துக்கொண்டே போங்கள். எல்லோரும் இதில்தான் உட்கார வேண்டும். போதாதா?"

குடியரசு நாள் காலை

கொடியேற்றம் 8 மணிக்கு. 9 மணிக்குத் தொடங்கினோம், குழந்தைகள் பசியாறிய பிறகு. டைல்ஸை விட்டுவிட்டு, சொரசொரப்பான சிமெண்ட் தளத்தை எடுத்துக்கொண்டோம். எல்லோரும் வெறுங்கால். பெற்றோரை ஆறடி தள்ளிக் கயிற்றுக்கு அப்பால் நிற்க வைத்து, ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: கைதட்டலாம், வழி சொல்லக் கூடாது. உள்ளே என்னைச் சேர்த்து 3 பெரியவர்கள். முன்பு வந்த 18 பேரில் 16 பேர் வந்தார்கள், புதிதாக ஒருவன் சேர்ந்தான். உதடு கிழிந்த பையனை அவன் வீட்டார் அனுப்பவில்லை. அதை நான் குறையாக நினைக்கவில்லை.

கைபேசியை விட்டுவிட்டோம். புளூடூத் ஒலிபெருக்கியில் நிறுத்து பொத்தானை அழுத்திய பிறகும் ஒரு கணம் பாட்டு ஓடும், சில பாட்டுகளில் நடுவே இயல்பாகவே ஒரு மௌனம் வரும், குழம்பிப்போவார்கள். மிருதங்கம் கற்கும் பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் வாசிக்க ஒப்புக்கொண்டான். அவன் கையைப் பார்த்து நிற்கப் பழகிவிடக் கூடாது என்பதற்காகத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தோம். நிற்கும் இடைவெளியை மாற்றிக்கொண்டே இருக்கச் சொன்னேன். சிலமுறை 8 நொடி, சிலமுறை 25 நொடி. ஒரே அளவாக வாசித்தால் 4 வயதுக்காரர்கள்கூட எண்ணத் தொடங்கிவிடுவார்கள். (கைபேசிதான் வழி என்றால் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுப் பிறகு புளூடூத்தை மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள். பாட்டை நிறுத்துபவர் குழந்தைகளுக்கு முதுகு காட்டி நிற்கட்டும், அவருடைய பிள்ளை ஆடாத ஆட்டமாகவும் இருக்கட்டும்.)

மிருதங்கம் நிற்கும் அதே நொடியில் ஒரு சிவப்புத் துண்டு உயர வேண்டும் என்று ஏற்பாடு. காது கேட்கும் கருவி அணிந்த பையனுக்காகச் செய்தது, எல்லாக் குழந்தைகளும் அதைத்தான் பார்த்தார்கள். துண்டை உயர்த்தும் வேலை, புதிதாக வந்து தாத்தாவின் மடியை விட்டு இறங்க மறுத்தவனுக்குப் போனது. மிருதங்கம் வாசித்தவனைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் துண்டைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான். கடைசிவரை அவன் ஆட வரவே இல்லை. அந்த வேலையை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

முதல் 5 நிமிடம் சிலை விளையாட்டு மட்டும். வாசித்தால் ஆடு, நின்றால் சிலை. அசைந்தவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. வேகமாக வாசித்தபோது வேகமாக, மெல்ல வாசித்தபோது மெல்ல ஆடினார்கள். பிறகு அதைத் தலைகீழாக்கி, வேகமாக வாசித்தால் மெல்ல ஆடச் சொன்னேன். பெரிய பிள்ளைகளுக்கு அங்கேதான் உண்மையான சவால் கிடைத்தது. சின்னவர்கள் தங்கள் விருப்பப்படி ஆடினார்கள், அதுவும் சரிதான்.

அடுத்து, சாக்பீஸால் வரைந்த வட்டங்கள். 17 வட்டம், ஒவ்வொன்றும் ஒரு வீடு. நின்றதும் ஏதாவது ஒரு வீட்டுக்குள் இருக்க வேண்டும். வீடுகள் 12 ஆகும், 8 ஆகும், 5 ஆகும். ஒரு வீட்டில் எத்தனை பேரும் இருக்கலாம். இரண்டாவது சுற்றில் இருந்தே "இங்கே வா, இங்கே வா" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஆனால் மஞ்சள் பாவாடைச் சிறுமி (அன்று நீலக் கவுன்) தன் வீட்டுக்குள் யாரையும் விடவில்லை. இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டாள். பொங்கலன்று அவளுக்கு என்ன நடந்தது என்று அவள் மறக்கவில்லை. பகிர்ந்துகொள் என்று நான் சொல்லவில்லை, அவள் வட்டத்தை அழிக்காமல் விட்டேன். நாலாவது சுற்றில், வழக்கமாகப் பக்கத்தில் விளையாடும் ஒருத்தியை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இதில் எனக்கு ஒரு பிழை நேர்ந்தது. வீடுகளை 5-லிருந்து 3-க்குக் குறைத்தேன். ஒரு வட்டத்தில் 8 பேர் நெருக்கியடித்தார்கள், கால் மிதிபட்டது, ஒருவன் உட்கார்ந்துவிட்டான். ஒரு வட்டத்துக்கு 4 பேருக்கு மேல் போகாதபடி நிறுத்திக்கொள்வது நல்லது. இடம் குறையும்போது கூச்சல் சிரிப்பாக இருக்கும்வரை சரி. யாராவது முழங்கையை உயர்த்தினால் அந்த ஆட்டம் முடிந்தது என்று பொருள்.

பிறகு ஜமுக்காளம். முழுதாக விரித்தபோது ஆடிய 16 பேரும் ஆளுக்கொரு மூலையாகப் பரந்து உட்கார்ந்தார்கள். ஒரு மடிப்பு, 9 அடிக்கு 6 அடி. தோளோடு தோள். இன்னொரு மடிப்பு, 6 அடிக்கு நாலரை அடி. இப்போது மடியில் மடி. நான் அத்தோடு நிறுத்தப் பார்த்தேன், அதற்கு மேல் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று அத்தனை பேரும் கத்தினார்கள். பாட்டி நாற்காலியில் இருந்தபடி விதியை மாற்றினார்: "உட்கார வேண்டாம் கண்ணுகளா. கட்டைவிரல் பட்டால் போதும்." நாலரை அடிக்கு 3 அடி ஜமுக்காளத்தைச் சுற்றி 16 குழந்தைகள் தரையில் குப்புறப் படுத்து, ஆளுக்கு ஒரு விரலை அதன் விளிம்பில் வைத்தார்கள். சிலர் கால் விரலை வைத்தார்கள். ஒருவன் மூக்கை வைத்தான்.

உண்மையான போட்டி வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. ஐந்தரை வயதுக்கு மேற்பட்ட 6 பேர் "நாற்காலி எங்கே?" என்று காலையில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வயதில் வெல்வதும் தோற்பதும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், தாங்கவும் வரும். அதை மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீடுகளில் இருந்து குட்டி நாற்காலிகள் 5 கொண்டுவந்து, முதுகு உள்பக்கமாக வட்டமாக வைத்து, நடக்கும் திசையை அம்புக்குறியால் வரைந்தோம். வட்டமாக வைத்தால் முனை நெரிசல் இல்லை. 6 பேர், 5 சுற்று, 7 நிமிடத்தில் முடிந்தது. வெளியேறியவர் நேரே தூணுக்குப் பின்னால் போய், மிருதங்கக்காரனின் தோளைத் தொட்டு அடுத்த நிறுத்தத்தைத் தீர்மானிக்கலாம். இரண்டாவதாக வெளியேறிய பையனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. கடைசியில் வென்றவள், தனக்கு அந்த வாய்ப்பு வரவில்லையே என்று கேட்டாள். அவளுக்காக ஒருமுறை கூடுதலாக ஆடினோம்.

பரிசு என்று தனியாக இல்லை. எல்லோருக்கும் இரண்டிரண்டு வண்ணச் சாக்பீஸ். கடலை மிட்டாய் தருவதாகத்தான் முதலில் பேசினோம். கடினமான மிட்டாயும் முழுக் கடலையும் 5 வயதுக்குக் கீழே தொண்டையில் அடைத்துக்கொள்ளும், சிலருக்கு ஒவ்வாமையும் இருக்கலாம் என்பதால் விட்டுவிட்டோம். அன்று மாலை குடியிருப்பின் படிக்கட்டு முழுக்க வட்டங்கள்.

எல்லாம் முடிந்து 10 மணிக்குப் பாட்டி ஜமுக்காளத்தை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார். உதறி, இரண்டு முனையையும் சேர்த்து மடித்தார். மடித்த உடனே நாலு பேர் ஓடி வந்து அதன் மேல் உட்கார்ந்தார்கள். எழுப்பிவிட்டு இன்னொரு மடிப்பு மடித்தார். இப்போது ஒன்பது பேர். நீலக் கவுன்காரி எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்து கட்டைவிரலை வைத்தாள். பாட்டி வீட்டுக்குப் போகும்போது மணி பத்தரை தாண்டிவிட்டது.